ஜூலை ஒன்று, இரவு இல்லை

வார்டோவில் இந்த வாரம் சூரியன் மறைவதில்லை.
ஆகையால் 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று
தள்ளிப்போட எனக்கு விடியலும் இல்லை.

இன்று நள்ளிரவு வரை
விருப்ப வரிசையை மாற்றலாம்.
அதன்பின் பூட்டிவிடுவார்கள்.
ஒன்று, த்ரோண்ட்ஹைம்.
இரண்டு, த்ரோம்சோ.
மதியத்திலிருந்து ஏழு தடவை
மேலதைக் கீழே, கீழதை மேலே.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த விரல்கள்;
திரையெல்லாம் உப்பு.

பிப்ரவரியில் இரண்டு ஊருக்கும் போய்வந்தேன்.

த்ரோண்ட்ஹைமில் முந்நூறு பேர் அமரும் அரங்கு.
ஒரு பெண் உள்ளே வந்தார்.
வணக்கம்கூடச் சொல்லாமல்
அலை ஏன் உடைகிறது என்று
பலகையில் எழுதத் தொடங்கினார்.
பத்தொன்பது வருடமாக
எங்கள் ஜன்னலுக்குக் கீழே உடையும் அதே அலை.
அதற்குள் இப்படியொரு கணக்கு ஓடுகிறதென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
பசி மறந்துபோனது.
பேனா மூடி வாயில் இருந்ததும்.
கடைசி வரியை நான் எழுதி முடிக்குமுன்
துடைத்துவிட்டார்.
முந்நூறு பேரும் எழுந்து
முந்நூறு திசையில் போனார்கள்.
அன்று முழுக்க நான் பேசியது ஒரே வாக்கியம்:
'பஸ் ஸ்டாப் எங்கே?'

த்ரோம்சோவில் நான் உட்கார்ந்த வகுப்பு சுமார்தான்.
பள்ளியிலேயே முடித்துவிட்ட பக்கங்களை
ஒருவர் சுவரில் காட்டிக்கொண்டிருந்தார்.
ஆனால் விடுதிச் சமையலறையில்
ஆஸ்லாக் என்றொருவன் மீன் சூப்பைக் கிளறியபடி
'உன் பேரை இன்னொரு தடவை சொல்லு' என்றான்.
தோருன், என்றேன்.
ஐந்து பேர், நான்கு கிண்ணம்.
ஒருத்தி மாவு அளக்கும் குவளையில் குடித்தாள்;
தான் பனியில் சறுக்கி விழுந்ததை
மேசைமேல் ஏறி நடித்துக் காட்டினாள்.
சிரித்துச் சிரித்து விலா நொந்தது எனக்கு.
மூன்று வருடம் பள்ளி மாடிப்படிக்கு அடியில்
தனியாக ரொட்டி தின்றவளுக்கு
இது சின்ன விஷயம் இல்லை.

அட்டவணை போட்டேன், கணக்கில் கெட்டிக்காரி ஆயிற்றே.
பாடத்துக்கு இத்தனை, வாடகைக்கு இத்தனை,
சிரிப்புக்கு, குளிர்கால இருட்டுக்கு.
கூட்டினால் இரண்டும் எழுபத்து மூன்று.
வியந்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது.
சமமாக வரும்வரை
எண்களைத் திருத்திக்கொண்டே இருந்தவள் நான்தான்.

அண்ணன் ஐவிண்ட் எட்டிப் பார்த்து
'எந்த ஊரில் பீர் மலிவு?' என்றான்.
இரண்டிலும் இல்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்கு இரண்டு பக்கமும் கடல்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு
த்ரோண்ட்ஹைமை மேலே ஏற்றிவிட்டுக்
கையை எடுத்தேன்.
பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
அந்தக் கடைசி வரி வேண்டும் எனக்கு.

உடனே பயம்.
முந்நூறு முதுகுகள்.

பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக
ஆஸ்லாக்குக்கு எழுதினேன்:
'அந்த சூப்பில் என்ன போட்டாய்?'

வடக்கே யாரும் தூங்குவதில்லை போலும்.
'தோருன்தானே? சதகுப்பை இலை. ஒரு கட்டு முழுசாக.
நீ இங்கே வருகிறாயா?'

'இல்லை' என்று எழுதினேன்.
அனுப்பவில்லை.
எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.
சமையலறை முழுக்க நள்ளிரவு வெயில்.
ஆறு கிண்ணம் இருந்தது.
எனக்கு ஒன்று போதும்.
இரண்டை எடுத்துப்
பழைய செய்தித்தாளில் சுற்றினேன்.