நூற்றில் ஒன்றுக்குக் கீழே

நூற்றுத் தொண்ணூறு கதிரை போட்டிருந்தேன்.
வந்தது இருநூற்று நாற்பது பேர்.
மிச்சப்பேர் ஈர மேலங்கியோடு
சுவரில் சாய்ந்து நின்றார்கள்.
லிண்டன்வைலர் மண்டபம் இப்படி நிரம்பியது
பாடகர் குழுவின் நூறாவது ஆண்டுக்குத்தான்.

என் வேலை ஒலிவாங்கி.
கை உயர்த்துகிறவரிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டும்,
இரண்டு நிமிடத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும்.
கையில் மட்டும் கொடுத்துவிடாதே,
திரும்பி வராது என்றார் மேயர்.

குழாய்க்கு என்னைவிட இரண்டு வயது கூட.
தெற்கே ஏதோ துறைமுகத்தில் தொடங்கி
அல்ப்ஸ் மலையைத் துளைத்து
இங்கே ஹொப் கொடிகளுக்கு அடியால் போகிறது.
ஏரி இருக்கிறது பதினொரு கிலோமீட்டரில்.
இன்னும் முப்பது வருடம் வேண்டுமாம்,
அழுத்தமும் கொஞ்சம் கூட வேண்டுமாம்.

பொறியியலாளர் ஷ்டொய்பிலே
தன் பெருவிரல் நகத்தை உயர்த்திக் காட்டினார்:
இவ்வளவு தடிப்பு, சுத்தமான உருக்கு.
பின்வரிசையில் ஒரு பெடியன் கத்தினான்.
ஹொப் விவசாயி அல்போன்ஸ் எழுந்து
வெளியே நிற்கும் கார்களை எண்ணிவிட்டுத்தான் வந்தேன்,
தொண்ணூற்றிரண்டு,
அதில் ஒன்று கத்துகிற தம்பியினுடையது என்றார்.
பாதி மண்டபம் கைதட்டியது,
மற்றப் பாதி காலால் தட்டியது.

எங்கள் மொழியில் எள்ளின் நெய்தான் எண்ணெய்.
தேங்காய் அந்தப் பெயரை இரவல் வாங்கியது, பிறகு வேம்பு.
கடைசியாக வந்தது, மண்ணுக்குள் கிடந்த கறுப்பு.
அது திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆறாம் வரிசை. ரோஸ்விதா ஹேகெலே.
அப்பிள் சங்கத்தின் கணக்காளர்,
பெட்டிச் சிட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு.
உங்கள் கருவி நூற்றில் ஒன்று கசிந்தால் கண்டுபிடிக்கும், சரி.
நூற்றில் பூச்சியம் தசம் ஒன்பது கசிந்தால்?
மணித்தியாலத்துக்கு முப்பத்தாறாயிரம் லீட்டர்.
அதை யார் கண்டுபிடிப்பார்கள்? என் அப்பிள் மரமா?

பொறியியலாளர் தண்ணீர் குடித்தார்.
ஒலிவாங்கியின் பஞ்சில் அவளுடைய மூச்சு
இன்னும் சூடாக இருந்தது.
யாரும் இருமவில்லை.

அப்போதுதான் மேயருக்கு என்ன தோன்றியதோ,
"ஹெர் குகா, நீங்களும் இந்த ஊர்தானே,
உங்கள் கருத்து?"

குகநேசன் என்ற பெயரில் பாதியை
இருபது வருடமாக அவர் சேமித்து வைத்திருக்கிறார்.

ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினேன்.
எள்ளு காயுது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை ஏன் கூடக் காயுது?
வாய்வரை வந்துவிட்டது.
இருநூற்று நாற்பது பேர் முன்னால்
எலிப்புழுக்கைக்கு ஜேர்மன் சொல்லைத் தேடிக்கொண்டு
தரையைப் பார்த்தேன்.

"கோப்பிக் கலம் ஒழுகுது," என்றேன்.

உண்மையாகவே ஒழுகியது.
கூட்டம் தொடங்கியதிலிருந்தே போல.
இரண்டு வரிசைச் சப்பாத்துகள் நனைந்திருந்தன,
ஒருவருக்கும் தெரியவில்லை.
மண்டபம் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு,
அல்போன்ஸ் கண்ணைத் துடைத்தார்,
கத்தின பெடியன் அவர் தோளில் தட்டினான்.
முதலில் முழங்காலில் இருந்து
கடதாசியால் தரையை ஒற்றியது பொறியியலாளர்தான்.
நல்ல மனிதர். கை வேகமாக வேலை செய்தது.

எழுந்தபோது அவருக்கு நேரம் முடிந்திருந்தது.
மேயர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.
ஆறாம் வரிசையில் ஒரு கை
கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.

எல்லோரும் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.
கதிரைகளை அடுக்கும்போதுதான் விளங்கியது,
அந்தச் சிரிப்பின் வழியாக அவர் வெளியே போய்விட்டார்,
கதவைத் திறந்துவிட்டது நான்.

வியாழக்கிழமை கூட்டக் குறிப்பு வந்தது.
ஹேகெலே அம்மையாரின் கேள்வி: கவனத்தில் எடுக்கப்பட்டது.
ஏனையவை: புதிய கோப்பிக் கலம் வாங்க
ஏகமனதாகத் தீர்மானம்.

இரவு இரண்டு மணிக்கு
எங்கள் வீட்டு நிலவறையில் கொதிகலன் பற்றிக்கொள்ளும்,
டக் என்று ஒரு சத்தம், பிறகு நீல உறுமல்.
வழக்கமாக எனக்குக் கேட்பதில்லை.