வெடியால

வெடியால அஞ்சு மணிக்கு எழுந்து நின்றால்
முதலில் சுவர் நகர்கிறது.
அப்புறம் காலண்டர்,
அப்புறம் காலண்டரில் இருக்கிற நகைக்கடை.
நான் நின்றபடிதான் இருக்கிறேன்,
வீடு நிற்க மாட்டேன் என்கிறது.
நெஞ்சுக்குள்ளே யாரோ
பெடலிலிருந்து காலெடுக்க மறந்து
ஓவர்லாக் ஓட்டுகிறார்கள்,
துணியே வைக்காமல்.

பித்தம், என்றாள்
செக்கிங் டேபிளில் எதிரே நிற்கும் சாந்தாமணி.
சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் குடி.
குடித்தேன். பித்தம் போயிருக்கலாம்.
கண்ணு பட்டிருக்கு என்று
பக்கத்து வீட்டுப் பூங்கோதை மிளகாய் சுற்றிப் போட்டாள்.
நெடியே வரலை பாத்தியா, என்றாள்.
எனக்குச் சளி, அவளுக்கும் சளி,
அந்த வாரம் வேலம்பாளையத்து லைன் வீடு முழுக்கச் சளி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண்.
படுக்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தாள்,
நிற்க வைத்து ஒரு தடவை.
கீழிமையை இழுத்து, வெளுத்திருக்கு என்றாள்,
சாயம் சரியாக ஏறாத துணியைச் சொல்வதுபோல.
ரத்தம் கம்மியா இருக்கலாம்.
எந்திரிச்சதும் பிரஷர் இறங்கலாம்.
தைராய்டா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம்,
இதயத்தோட ஓட்டத்திலயே கோளாறு இருக்கலாம்,
ஈசிஜி எடுத்திருவோம்.
எங்கள் டேபிளில் 'இருக்கலாம்' செல்லாது.
ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டது.
அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த பீஸ்.

ராத்திரி சாப்பிட்டீங்களா?
சாப்பிட்டேனுங்க.
என்ன?
டீ.
தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?

இங்கே ஒரு பொய் சொன்னேன்.
நூற்றிருபது பேருக்கு ரெண்டு கக்கூஸ்,
சாவி சூப்பர்வைசர் மேஜையில்.
அவன் முன்னால் போய் நிற்க வேண்டும்,
அவன் சாவியைத் தருமுன்
கடிகாரத்தைப் பார்ப்பான்.
பதினோரு மணிக்கு மேல்
பாட்டில் மூடியைத் திறக்காமலிருக்கப் பழகி
ஒன்பது வருஷம்.
ரெண்டு லிட்டருங்க, என்றேன்.
அவள் என் உதட்டைப் பார்த்தாள்.

மாசாமாசம் எத்தனை நாள் போகுது?
எட்டு. இதை நிஜமாகச் சொன்னேன்.

வெசனம் ஏதாச்சும் இருக்குங்களா?
பேச்சு தெக்கத்திப் பேச்சு.
எங்க ஊர் வார்த்தையை
எங்கிருந்தோ எடுத்து வைத்திருக்கிறாள்.
அந்த ஒரு சொல்லுக்கு
நெஞ்சு மறுபடி ஓட ஆரம்பித்தது.
ஸ்டெதாஸ்கோப் அங்கேயே இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எப்பெப்ப வருதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க.
சைஸ் ஸ்டிக்கர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
திங்கள் ஒண்ணு.
செவ்வாய் மூணு, குழு லோன் வசூலுக்கு வருகிற நாள்.
வியாழன் பையன் ஃபோனை எடுக்கலை.
இது கணக்கில் சேருமா தெரியவில்லை,
எழுதியதை அடிக்கவும் இல்லை.
ஞாயிறு இல்லை.
ஞாயிறு ஏழு மணிவரை படுத்திருந்தேன்.

தாளை ரெண்டு தடவை படித்தாள்.
இரும்புச் சத்து மாத்திரை தந்தாள்,
வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துக்காதீங்க.
டெஸ்ட் எல்லாம் வரட்டும், அதுவரைக்கும்
கண்ணு முழிச்சதும் நிக்கக் கூடாது.
கட்டில் ஓரத்துல காலைத் தொங்கவிட்டு
ரெண்டு நிமிஷம் உக்காரணும்.
சொன்னதைச் சீட்டிலும் எழுதினாள்.

நாற்பத்தி மூன்று வயதில்
என்னை உட்காரச் சொல்லி ஒரு சீட்டு.
சீலும் இருக்கிறது.

இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.
மணிக்கட்டில் ரெண்டு விரல்.
எண்ணிக்கை நடுவில் தப்பிப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.
வெளியே குடங்கள் நகர்கிற சத்தம்.
ஆறு நாள் கழித்துக் குழாயில் தண்ணி.
மரகதமணீ, குடத்தக் கொண்டாடி, நின்னுரப் போவுது,
பூங்கோதை கத்துகிறாள்.

நாற்பது நொடி பாக்கி.
சுவர் நிற்கிறதா என்று
இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.