மயில்துத்தம்

மேடம் பிறந்து பத்து நாள்.
இடவப்பாதிக்கு இன்னும் ஒரு மாதமும் கொஞ்சமும் இருக்கிறது.
இருக்கும் என்று நம்பித்தான்
அட்டவணை போட்டிருக்கிறோம்.

களியலுக்கு மேலே, காட்டு வேலியை ஒட்டி
இருபத்திரண்டு பேருடைய மரங்கள் ஒரே சரிவில்.
ரப்பர், அயனி, பலா, ஓரத்தில் கொஞ்சம் தேக்கு.
மழை பிடித்ததும் கவையில் ஒன்று வரும்,
நாடகக்காரன் கழுவ மறந்த ரோஸ் பவுடர் போல.
அப்புறம் பால் வழியும்,
யாரும் வெட்டாமலே.
அதற்கும் அப்புறம் உச்சி காயும்.

காய்ந்த மரத்தை எண்ண அரசாங்கத்துக்குத் தெரியும்.
காயாத மரத்துக்குக் காசு கேட்கப்
பதினேழு மாதம் ஆயிற்று.
'சேதம் எத்தனை?' என்று ஒரு கட்டம்.
இன்னும் இல்லை என்று எழுதினேன்; திரும்பி வந்தது.
இனி வரும் என்று எழுதினேன்;
சான்று இணைக்க, என்று வந்தது.
நாகர்கோவிலில் மூன்றாவது மாடியில்
ஒரு மின்விசிறிக்குக் கீழே
மொத்தச் சரிவும்
பேப்பர் வெயிட்டின் அடியில் படபடத்துக்கொண்டிருந்தது.

வந்தது கடைசியில்.
ஏக்கருக்கு இவ்வளவு துத்தம், இவ்வளவு சுண்ணாம்பு,
தூரிகை இரண்டு.
பட்டா நகல், ஆதார், பாஸ்புக், ஒரு கையெழுத்து.

இருபத்தொரு கையெழுத்து கிடைத்தது.

மற்றது ஷார்ஜாவில் இருக்கிறது.
பெயர் டென்னிஸ்மணி.
கேட்டில் பூட்டு, பூட்டில் துரு,
உள்ளே போன வருஷத்து உச்சிகள்
ஈர்க்கில் ஈர்க்கிலாய் நிற்கின்றன.
போன் அடிக்கிறது, எடுப்பதில்லை.
வாட்ஸாப்பில் இரண்டு நீலக்கோடு, அவ்வளவுதான்.

வரைபடத்தில் அந்த இடத்தை
வெள்ளையாக விடச் சொன்னார் மேலதிகாரி.
பூஞ்சை வரைபடம் பார்க்காது சார், என்றேன்.
தணிக்கை பார்க்கும், என்றார்.
அதுவும் சரிதான்.

சொர்ணபாயின் முற்றத்தில் கலக்கினோம்.
முப்பத்தெட்டு மரம்தான் அவளுக்கு.
துத்தம் ஒரு பிளாஸ்டிக் வாளியில்,
நீற்றிய சுண்ணாம்பு இன்னொன்றில்,
இரண்டும் சேர்ந்து விழுந்தபோது
வாளிக்குள் ஒரு மயில் கழுத்தைத் திருப்பியது.
பால் வெட்டும் கத்தியை முக்கி எடுத்தாள்.
அலகில் செம்பு படிந்திருந்தது.
'பத்தாது கேட்டீரா' என்றாள்.
இன்னும் சுண்ணாம்பு. மறுபடி முக்கினாள்.
கத்தி கத்தியாகவே வந்தது.

அன்று பகல் முழுக்க
ஏணி, சிரட்டை, தூரிகை.
கீழே நிற்பவர் தலையிலெல்லாம் நீலச் சொட்டு.
நான்கு மணிக்கு ஒரு வாளி மிச்சம்.
நாளைக்கு வைத்தால் ஆகாது,
கலந்த அன்றே தீர வேண்டும்.
சொர்ணபாய் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
'சார் கொஞ்சம் அங்ஙோட்டு திரும்பி நின்னு
போன் பேசும்.'

திரும்பினேன்.
யாரையும் அழைக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு
பத்துகாணிப் பக்கத்து மலையைப் பார்த்து
ம், ம் என்றேன்.
பின்னால் மதிலில் ஏணி சாயும் சத்தம்.
ஒரு கல் உருண்டது.
யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

பதிவேட்டில் 'மீதி' என்பதற்கு நேரே எழுதினேன்:
ஏணி தட்டிக் கொட்டியது, பத்து லிட்டர்.
பதினொரு வருஷ வேலையில் முதல் தடவை
கை நடுங்கவில்லை என்பதுதான்
எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கர்க்கடகத்தில் குடையோடு போய் எண்ணினேன்.
இருபத்தொரு விளையிலும் கவைகள் நீலமாக நின்றன.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது மரம்.
ஒரு வாளி அவ்வளவுதான் எட்டும்.
பத்தாவதில் பவுடர் தொடங்கியிருந்தது.

அன்று ராத்திரி ஷார்ஜாவிலிருந்து ஒரு படம்.
யார் அனுப்பிக் கொடுத்தார்களோ.
'என் மரத்தில் பெயிண்ட் அடித்தது யார்?'

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
கடைசியில் படிவத்தை மட்டும் அனுப்பினேன்,
இரண்டாம் பக்கம்,
கையெழுத்து இடத்தை வட்டமிட்டு.
அடுத்த மேடத்துக்கு
இப்போதே போட்டால்தான் ஆகும்.

நீலக்கோடு இரண்டும் விழுந்துவிட்டன.
இங்கே மழை விடவில்லை.