சீப்புச் சென்னியப்பன்

பச்சைத் தாளில் நாங்கள் நாலு பேர்,
ஒருத்தன் தலைமேல் ஒருத்தன்.
கா. சென்னியப்பன், ரம்பம்.
செ. சென்னியப்பன், சீப்பு. அது நான்.
மு. சென்னியப்பன், இஸ்திரிப் பெட்டி.
ரா. சென்னியப்பன், விசில்.
எங்களுக்கு மேலே கோகிலவாணி,
இனிஷியலை யாரும் பார்க்க வேண்டாதபடி
தனியாக.

ரம்பம்தான் நிஜமாக நின்றவர்.
ரைஸ் மில், ரெண்டு லாரி,
கும்பாபிஷேகக் கல்வெட்டில் முதல் வரி.
மற்ற மூவரையும்
காங்கேயம் ரோட்டு பேக்கரியில் உட்கார வைத்து
ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கித் தந்தார்கள்.
வாக்காளர் பட்டியலோடு வந்தவன்
என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"ஏனுங்க, ஆதார்லயும் இதே பேருதானுங்களா?"

களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போட
நாளுக்கு அறுநூறு எனக்கு.
பேருக்கு எட்டாயிரம் என்றான்.
மூத்தது ரெண்டும் தங்காமல் போக
சென்னிமலை ஏறி மடியேந்தி
என் அம்மா வாங்கி வந்த பேர்.
மூன்று வாரக் குத்தகைக்கு விட்டேன்.

சீப்பு என்றதும்
மு. சென்னியப்பன் என் தலையைப் பார்த்துச் சிரித்தான்.
இருபத்து மூணு வயசு, போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிறவன்,
சுருட்டை முடி.
எனக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று
எனக்கே தெரியாது.
ஆனால் அச்சில் வந்தபோதுதான் புரிந்தது:
கட்டைவிரல் நகம் அகலத்தில், கறுப்பு மையில்,
சீப்புக்கும் பல்தான்
ரம்பத்துக்கும் பல்தான்.

ஒரு வாய்கூட நான் ஓட்டுக் கேட்கவில்லை.
கேட்கக்கூடாது என்பதும் பேச்சில் சேர்த்திதான்.
ரம்பத்தின் ஜீப் எங்கள் வீதியில் வந்து
"உங்கள் சென்னியப்பன், உங்கள் சென்னியப்பன்" என்று கத்தும்போது
பருப்பைப் புரட்டிக்கொண்டே
ஒருமுறை "ஓய்" என்றுவிட்டேன்.

அறுபத்தொரு ஓட்டில் கோகிலவாணி.
எனக்கு நூற்று நாற்பத்தெட்டு.
விசிலுக்கு எழுபத்து மூணு.
இஸ்திரிப் பெட்டிக்குச் சுழி;
பையன் தன் ஓட்டையே
எங்கள் யார்மேலோ குத்தியிருக்கிறான்.
என் வீட்டுக்காரியைக் கேட்டேன்.
"பேரப் பாத்துக் குத்துனேன்" என்றாள்.
எந்தப் பேரை என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து
பெட்ரோல் பங்கில் ரம்பத்தை எதிரில் கண்டேன்.
திட்டுவார் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.
அவரே வந்தார்.
"என்னுங்க பங்காளி,
தோட்டத்தப் பாகம் பிரிச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன்" என்றார்.
அப்புறம் என் வண்டிக்கும் சேர்த்து
நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னார்.
அந்த பெட்ரோல் தீருகிறவரை
வண்டி எனக்கு ஓட்டவே வரவில்லை.

நேற்று மத்தியானம் களத்துக்கு
வடக்குத் தெருப் பாவாயி வந்தாள்.
பஸ் நிறுத்தத்து லைட் நாலு மாசமாக எரியவில்லை,
மில்லு வேலை முடிந்து மகள் இருட்டில் இறங்குகிறாள்,
மனு எழுதித் தரணும்.
"உங்களுக்குத்தானுங்க போட்டேன்."
ஜெயித்தது கோகிலவாணி என்றேன்.
"ஜெயிச்சவிய காருல போறாங்க.
நீங்கதான் கைக்கு அகப்படறீங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
"அம்மிணி, நீங்க போட்டது ரம்பத்துக்கா, சீப்புக்கா?"
அவள் யோசித்தாள்.
விரலை விரித்து,
மேலே இருந்து கீழே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.
அது தலை வாருகிற கையா
மரம் அறுக்கிற கையா
எனக்குப் பிடிபடவில்லை.
"பல்லு இருந்துச்சுங்க" என்றாள்.

சாக்கு எண்ணுகிற நோட்டில் பின்பக்கம் கிழித்து
எழுதினேன்.
கையெழுத்துப் போடும் இடத்தில்
செ. கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
அதற்குள் மேற்கே மூடிக்கொண்டு
முதல் தூறல் பருப்பில் விழ,
தார்ப்பாயின் ஒரு முனையை அவளும் பிடித்து
ஓடி வந்தாள்.