பூச்சியம்

பன்னிரண்டு மணி வெயிலில்
கல்லடிப் பழைய பாலத்தின் கீழ்
இரண்டு போத்தல் வாவித் தண்ணீர் அள்ளினேன்.
மேலே இரும்பு உரிந்து
செம்பொடியாய்த் தோளில் உதிர்ந்தது.
தட்டிவிட்டேன்.
அப்போது அது எனக்கு வெறும் துரு.

வந்தாறுமூலை பஸ்ஸில்
மடியில் ஐஸ்பெட்டி.
பக்கத்து ஆசனத்து மனிசன் கேட்டார்:
"என்ன மீன் பிள்ள?"
"மீன் இல்ல ஐயா. கண்ணுக்குத் தெரியாத சாமான்."
அவர் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

ஏகார் ஊற்றி, பரப்பி, மூடி
முப்பது பாகையில் வைத்தோம்.
மூன்றாம் நாளும்
பெத்திரிக் கிண்ணங்கள்
கழுவித் துடைத்த நெற்றி மாதிரிக் கிடந்தன.
றிஸ்மியா வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.
"எல்லாம் செத்துப்போச்சுகா."
பதிவேட்டில் வட்டம் போட்டேன்.
பூச்சியம்.
பூச்சியம்.
பூச்சியம்.

ஆனால் நுணுக்குக்காட்டியில்
அதே தண்ணீரின் ஒரு சொட்டு
சாயம் குடித்துப் பச்சையாய் ஒளிர்ந்தது,
நூற்றுக்கணக்கில்.
செத்தது சிவப்பாய்த் தெரியவேண்டும்.
சிவப்பு ஐந்தாறுதான்.

எந்தக் கணக்குப் பொய்?

ஒட்சிசனில் மூச்சு விடுகிற எதுவும்
தனக்குள்ளேயே கொஞ்சம் எரிகிறது.
இலத்திரன் ஒன்று வழிதவறி ஒட்சிசனில் ஒட்ட,
அது போய்ப் பேரொட்சைட்டாக,
பேரொட்சைட்டு உள்ளிருக்கும் இரும்பைத் தொட,
ஒரு பொறி,
டி.என்.ஏ.யில் விழும்.
பாலத்துக்கு நூறு வருசம் எடுக்கிற வேலை
இதற்கு ஒரு கண்வெட்டு.

பற்றீரியாவும் சும்மா இருப்பதில்லை.
கற்றலேசு என்றொரு நொதியம் வைத்திருக்கிறது.
கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் தடவி
பேரொட்சைட்டு ஒரு சொட்டு விட்டால்
சோடா திறந்த மாதிரி நுரைக்கும்.
நஞ்சு தண்ணீராயும் காற்றாயும் பிரிகிற சத்தம்,
காதைக் கிட்ட வைத்தால் கேட்கும்.
இந்த வாவியில் மீன் பாடுமாம்.
நான் கேட்டதில்லை.
இதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் இவை
நாள் முழுக்க மேல்தண்ணீரில் கிடந்தவை.
அந்த வெயிலே தண்ணீரில் பேரொட்சைட்டுக் காய்ச்சும்.
இருந்த நொதியமெல்லாம் செலவழித்து
வெறுங்கையோடு என்னிடம் வந்திருந்தன.
நான் விருந்து வைத்தேன்.

விருந்திலும் அதுதான் இருந்தது.

இரவு பதினொன்றுக்கு,
கரண்ட் போய் வந்த பிறகு, பிடிபட்டது.
பொசுபேற்றையும் ஏகாரையும் ஒரே குடுவையில் போட்டு
நான்தான் அவித்திருந்தேன்,
கழுவ ஒரு குடுவை மிச்சம் என்று.
அந்தச் சூட்டில் இரண்டும் சேர்ந்தால்
பேரொட்சைட்டு ஊறும்.
கொழுத்திருக்கிற பற்றீரியா அதைக் கணக்கெடுக்காது.
களைத்து வந்தது
வாசலிலேயே இருந்துவிடும்.

மறுநாள் வேறுவேறாய் அவித்தேன்.
ஒரு சிட்டிகை பைருவேற்றுச் சேர்த்தேன்,
தன்னைக் கொடுத்துப் பேரொட்சைட்டை வாங்கிக்கொள்ளும் உப்பு.
குளிர்ப்பெட்டியில் மிஞ்சிய தண்ணீரைப் பரப்பினேன்.
பிறகு இரண்டு நாள்
அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

ஊசிமுனைப் பொட்டுகள்.
சில மஞ்சள்; ஒன்று மட்டும் ஓரமாய்ப் படர்ந்து.
றிஸ்மியா எண்ணினாள், நாற்பத்துமூன்று.
நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு.
சண்டை பிடித்தோம்.

பதிவேட்டில் எழுதியதை வெட்டக்கூடாது, விதி.
பூச்சியத்துக்குப் பக்கத்தில் சின்னதாய் எழுதினேன்:
வளரவில்லை.
பிழை தட்டில்.
கீழே கையொப்பம், திகதி.

எனக்கு முன்னமே
அடுத்த வரியில்
அவள் தன் நாற்பத்துமூன்றை எழுதிவிட்டிருந்தாள்.