மூன்றாவது மூலை

கூசமோ சாலையை இரவு பத்து மணிக்கு மூடினோம்.
செப்டம்பர்க் கடைசி.
தாரின் வெப்பம் ஆறு பாகை.
ஐந்துக்குக் கீழே பிசின் இறுகாது என்று
டப்பா மேலேயே போட்டிருக்கிறது.

ஆர்வோ ரம்பத்தை இறக்கினான்.
எட்டு மில்லிமீட்டர் அகலம், எழுபது ஆழம்.
மூலைகளைச் சரித்தே அறுப்பான்.
செங்குத்தாய்த் திரும்பச் சொன்னால்
கம்பி ஒருநாள் தன்னைத்தானே
அறுத்துக்கொள்ளும்.

இவ்வளவு ஆழம் எதற்கு என்று
தூயிரே கேட்கவில்லை. அவள் இந்த ஊர்க்காரி.
குளிர்காலத்தில் இங்கே டயர்களுக்கு ஆணி முளைக்கும்,
அவை சாலையைச் சுரண்டித் தின்னும்.

சாம்பல் சேற்றைக் கழுவினோம்.
காற்றடித்தோம், மறுபடி காற்றடித்தோம்.
ஈரம் ஒளிந்துகொள்ளும்.
ஈரத்துக்குத் தெரியும்
ஜனவரி வரும் என்று.

பிறகு செம்பு. தடித்த உறை போட்ட செம்பு.
நான்கு சுற்று,
இழுத்துக் கட்டாமல்.
சாலையோரக் குழாய்க்குள் நுழையுமிடத்தில்
ஒரு முழம் தளர்வு:
நிலம் உறைந்து மேலெழும்போது
அதற்கும் புரண்டு படுக்க இடம் வேண்டும்.
மேலே நுரைக்கயிறு.
அதன் மேலே கறுப்பாய், மெதுவாய், பிசின்.

மீட்டரை வைத்தேன்.
கம்பியிலிருந்து மண்ணுக்கு எதுவும் கசியக் கூடாது,
முள் முடிவிலியில் நிற்க வேண்டும்.
முள் விழுந்தது.

ஆர்வோ கம்பிக் கம்பெனியைத் திட்டினான்,
பிறகு குளிரை,
பிறகு சாலை போட்டவனை.
தடுப்புக்கு அந்தப் பக்கம்
மரம் ஏற்றிய லாரி ஒன்று
எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது.

மரச்சட்டம் வேனில் கிடந்தது.
திருப்புளி என் பையில்.
கம்பியைப் பள்ளத்தில் அமுக்கும்போது
ஒரே ஓர் அழுத்து,
வேனுக்கு நடக்கச் சோம்பல்பட்டு.

அவன் திட்டுவதற்கு
ஆள் கிடைக்காமல் ஓய்ந்தபோது சொன்னேன்.

"எந்த மூலை?"

"மூன்றாவது."

அவ்வளவுதான் கேட்டான்.

பள்ளத்துக்குள் ஒட்டுப்போட விதியில் இடமில்லை.
நான்கு சுற்றும் வெளியே வர வேண்டும்.
இறுகத் தொடங்கிய பிசினை நோண்டினோம்,
பாதி வெந்த களிபோல
கொக்கியில், கையுறையில், தூயிரேயின் முடியில் ஒட்டியது.
உறையில் அந்தக் காயத்தைப் பார்த்தேன்:
நகக்கண் அளவு.
புதுச் சுருளைப் பிரித்தேன்.
இந்த முறை மரச்சட்டம்
என் பல்லிடுக்கில் இருந்தது.

ஐந்துக்குத் திறக்க வேண்டிய சாலை
ஆறே முக்காலுக்குத் திறந்தது.
லாரி உருண்டு கடந்தது.
பெட்டியில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது: ஒன்று.
ஓட்டுநர் யால்மாரி கண்ணாடியை இறக்கி,
"நான் காத்திருந்ததையும் எண்ணுமா அது?" என்றார்.

எண்ணாது.

வேலைப் புத்தகத்தில் எழுதினேன்:
மூன்றாவது மூலை, திருப்புளி, ஹெல்யா.
எழுதிக்கொண்டிருக்கையில்
ஏழெட்டுப் பனிமான்கள்
வளையத்தின் நட்டநடுவில் நின்று
எங்களைப் பார்த்தன.
அவற்றிடம் இரும்பு இல்லை.
பெட்டி அசையவில்லை.
ஒன்றிலேயே இருந்தது.