கேட் மூடியிருக்கும்போது

முதல் ஞாயிறு நான் கொண்டுபோனது
மூன்று முறை திருத்தி, அடித்தல் இல்லாமல்
படியெடுத்த கதை.
பாராட்டு வாங்கத்தான் போனேன். மறைப்பானேன்?
நூற்றைம்பது ரூபாய், டீயும் சேர்த்து.

கொருக்குப்பேட்டையில்
டுடோரியல் காலிசெய்துபோன மாடி.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட
இருபடிச் சமன்பாடு.
ஜன்னலைத் திறந்தால் ரயில்வே கேட்,
மூடினால் வேர்வை.
திறந்தே வைத்தோம்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் தேசிங்கு.
ஸ்டான்லியில் ரத்தம் எடுக்கும் மெகருன்னிசா.
கல்லூரி இரண்டாம் வருடம் பியூலா.
எதற்கு வந்தாரென்று கடைசிவரை சொல்லாத
ஒரு கணக்கர்.
நான் மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் எடைமேடைக்காரி.
கன்டெய்னர் லாரி ஏறும், எண் விழும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.

நடத்துகிற ஹெலன் என்னைவிடச் சின்னவள்.
ஒரே ஒரு விதி சொன்னாள்:
மற்றவர் பேசி முடிக்கும்வரை
வாசித்தவர் வாய் திறக்கக் கூடாது.

மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்.
மணியடித்து கேட் இறங்கிற்று.
சரக்கு ரயில்.
நிறுத்தினேன். வேறென்ன செய்ய?
தேசிங்கு விரலால் வண்டி எண்ணினான்.
நாற்பத்தொன்று என்றான், ஏதோ ஜெயித்தவன்போல.
விட்ட வரி எங்கே என்று தெரியவில்லை.
கண் பட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

தண்டையார்பேட்டையில் பஸ் ஏறி
தாள்களைப் புரட்டும்போதுதான் பார்த்தேன்:
ஒன்றேகால் பக்கம் ரயிலோடு போயிருந்தது.
அந்தி வானம் அதில்தான் இருந்தது,
அவள் கண்களுக்குத் தேடித்தேடி வைத்த
நாலு உவமையும்.
காணோமென்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டது வேறு.
"அந்தம்மா டிபன் பாக்ஸ ஏன்
கழுவாம மூடி வெச்சாங்க?"
தேசிங்குதான்.
"என் வண்டில நிறைய பாத்துருக்கேன் அந்த மாதிரி.
உள்ள என்னா இருந்துச்சி?"

எனக்கே தெரியாது.
யோசிக்காமல் எழுதிய வரி அது.
ஆனாலும் பதில் ஒன்று பல்வரைக்கும் வந்துவிட்டது,
பொய்யான, அழகான பதில்.
விதி இருந்ததால்
ஆடை படிந்த டீயோடு விழுங்கினேன்.
சொல்லியிருந்தால் கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும்.
சொல்லாததால் அது என்னோடு
எர்ணாவூர்வரை வந்து,
சமையல்கட்டில் நின்று,
பாத்திரம் தேய்க்கும்போது முழங்கையை இடித்தது.

"நல்லாருக்குக்கா" என்றாள் மெகருன்னிசா.
நோட்டில் அன்றைக்கு நான் குறித்துக்கொண்டது
அது ஒன்றுதான்.

அதையேதான் நானும் செய்தேன்.
பியூலா வாசித்தாள்; "அருமை" என்றேன்.
எண் இல்லாத சீட்டை வாங்கிய டிரைவர்போல
என்னைப் பார்த்தாள்.

பிறகு ஒரு வழி கண்டேன்.
எந்த வரியில் என் கண்
தாளை விட்டு கேட்டுக்குப் போகிறதோ
அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.
அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை.
பொய் சொல்லாமல் புள்ளி வைப்பது
எவ்வளவு சிரமம் என்று
மற்றவர் தாளில்தான் தெரிந்தது.
அடுத்த வாரம் பியூலா வரவில்லை.
அதற்கடுத்த வாரம்,
புள்ளி வைத்த வரிகளை எல்லாம் அப்படியே விட்டு
மற்றதை மாற்றிக்கொண்டு வந்தாள்.
அதுவும் சரியாகத்தான் இருந்தது.

வேலையில் லாரியை இரண்டு தடவை நிறுப்போம்,
சரக்கோடு ஒன்று, இறக்கிவிட்டு ஒன்று.
ஆறு வருஷமாக இதைச் செய்கிறேன்.
இரண்டாவது தடவைக்கு
என் கதையை ஏற்றவே இல்லை இதுவரை.

எட்டாம் ஞாயிறு, கடைசி.
படியெடுக்காத ஒற்றைத் தாள்,
பின்பக்கம் பழைய எடைச்சீட்டு.
முதல் வரியிலேயே டிபன் பாக்ஸ்.
மூடி இறுகிக்கிடக்கிறது,
அவள் கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்புகிறாள்,
உள்ளே

மணியடித்தது. கேட் இறங்கிற்று.
நகத்தை அந்த வரியில் வைத்துக்கொண்டு
நிறுத்தினேன்.
கரி ஏற்றிய வண்டிகள், நீளமான ரயில்.

தேசிங்கு எண்ணவில்லை.